மந்திரம் ஆசானுடையது, ஊசி உங்களுடையதாக இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 31. நவம்பர் கடைசி வாரம் தோழியுடன் தாய்லாந்து போகிறேன். அங்கே நீண்ட ஊசியால் கையாலேயே குத்தும் ‘சாக் யந்த்’ பச்சையை, முதுகின் மேல்பக்கம் தோள்பட்டையருகே ஐந்து வரியாகக் குத்திக்கொள்ள வெகுநாள் ஆசை. என் அப்பத்தா கையில் குறத்தி குத்திய பச்சை இருந்தது. சிறு வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். பயணத்தின் இரண்டாம் நாள் பாங்காக் அருகே ஒரு கோயிலில் பச்சை, மூன்றாம் நாளிலிருந்து நான்கு நாள் கிராபி கடற்கரை என்று திட்டமிட்டிருக்கிறோம். “ஊசியை ஸ்பிரிட்டில் முக்கித்தான் எடுக்கிறார்கள், பயப்படாதே” என்கிறாள் தோழி. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். “அப்பத்தாவுக்கு என்ன ஆகிவிட்டது?” என்று கேட்டேன், பதில் இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லூரி நாட்களில் காதில் இரண்டாவது துளை குத்திய இடத்தில் பட்டாணி அளவு கட்டி வந்து இன்னும் இருக்கிறது. பாதுகாப்பாகக் குத்திக்கொள்ள வழி சொல்லுங்கள். (தி., மதுரை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. காதில் உள்ள அந்தப் பட்டாணிக் கட்டியைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தோல் மருத்துவரிடம் பச்சையைப் பற்றிக் கேட்டால் ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல்தான் வரும் என்று எண்ணிப் பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். கேட்காமல் போனவர்கள்தான் பிற்பாடு என் அறையில் வந்து உட்காருகிறார்கள்.

சாக் என்றால் குத்துவது. யந்த் என்பது நம் யந்திரமேதான். குத்துகிறவர் ‘அஜான்’. ஆசாரியர் என்ற சொல் அந்த மண்ணில் எடுத்த வடிவம் அது. நாம் ஆசான் என்று கொள்ளலாம். நீங்கள் விரும்பும் ஐந்து வரிக்கு அங்கே ‘ஹா தேவ்’ என்று பெயர். ஹாலிவுட் நடிகை ஆஞ்சலினா ஜோலி 2003ல் தோளில் அதைக் குத்திக்கொண்ட பிறகு வெளிநாட்டுப் பயணிகள் எல்லோரும் கேட்பது அதைத்தான். மந்திரம் பாலி மொழியில் இருக்கும். மத்திய தாய்லாந்தில் அதை எழுதுவது ‘கோம்’ எனப்படும் பழைய கெமர் (கம்போடிய) எழுத்தில். அந்த எழுத்தின் வேரைத் தேடிப் போனால் பல்லவர் காலத்தில் இங்கிருந்து கடல் கடந்த எழுத்தில் போய் நிற்கும். நம் கிரந்த எழுத்துக்கும் அதுவே தாய். உங்கள் தோளில் ஏறப்போவது முற்றிலும் அந்நிய எழுத்து இல்லை. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கும் அதன் மேல் ஒரு பிரியம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்தில் ஒரு கோயில் மண்டபத்தில் அரைநாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்றரை அடி நீளமுள்ள எஃகுக் கம்பி, அதன் நுனியில் மை தங்குவதற்கு ஒரு பிளவு. பிக்கு இடது கையை வில்லைப் போல வளைத்துக் கம்பிக்குத் தாங்கல் கொடுத்து, வலது கையால் தட்டுகிறார். தட்டும் ஓசை சீராகக் கேட்கிறது. அடுத்த முறைக்குக் காத்திருக்கும் பக்தர்கள் இருவர், முன்னால் இருப்பவரின் முதுகுத் தோலை வெறுங்கையால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு முடிந்ததும் கம்பி ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் போகிறது. உள்ளே ஸ்பிரிட், அதில் மூன்று நான்கு கம்பிகள் முன்பே நிற்கின்றன. அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் அவற்றில் ஒன்று வெளியே வருகிறது. நான் கவனித்துக்கொண்டே இருந்தது மைக் கிண்ணத்தை. காலையிலிருந்து நான் புறப்படும்வரை அது மாறவே இல்லை. ஒரே கிண்ணம், பத்துக்கும் மேற்பட்ட முதுகுகள்.

உங்கள் தோழிக்கான பதில் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் தோலைத் துடைப்பதற்கு நல்லது. தோலைத் துளைத்து இரத்தம் தொட்ட கருவியைச் சுத்தம் செய்ய அது போதாது. நுனிப் பிளவுக்குள் உறைந்த இரத்தத்தின் உள்ளே அது ஒழுங்காகப் புகுவதில்லை. சில கிருமிகளின் வித்துகளை அது கொல்லவே கொல்லாது. ஒரு பேச்சுக்கு, ஊசி முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுத்தமான ஊசியை, முந்தையவரின் இரத்தம் பட்ட ஊசி தோய்ந்த அதே மையில் தோய்த்தால் என்ன பயன்? ‘புது ஊசியா?’ என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். ‘புது மையா?’ என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நீங்கள் இரண்டையும் கேட்க வேண்டும்.

நான் இப்படிப் பதறுவதற்கு முதற்காரணம் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி. உடலுக்கு வெளியே, உலர்ந்துபோன இரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும் வைரஸ் அது. இந்தக் கிருமி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் குத்திய மருத்துவமனை ஊழியர்களிடம் எடுத்த கணக்குப்படி, தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 6 முதல் 30 பேருக்கு இந்த வைரஸ் தொற்றுகிறது. எச்.ஐ.விக்கு அது ஆயிரத்துக்கு 3. எச்.ஐ.வியை நினைத்து நடுங்குகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

அப்பத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். ஆகாமல் இருந்திருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஊர் ஊராக ஒரே ஊசி பல கைகளில் குத்திய காலம் அது. ஹெபடைட்டிஸ் பி உடலில் தங்கிவிட்டால் இருபது முப்பது ஆண்டுகள் சத்தமே போடாது. பிறகு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஒருவர் இறந்துபோனால் ‘காமாலை கண்டது’ என்று சொல்லி முடித்துவிடுவோம். அவர் பதினைந்து வயதில் குத்திக்கொண்ட பச்சையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் அம்மாவால் அன்று பதில் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

நல்ல செய்தி, இதற்குத் தடுப்பூசி உண்டு, உங்களுக்குக் காலமும் இருக்கிறது. இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைட்டிஸ் பி வந்தது 2011ஐ ஒட்டித்தான். உங்கள் வயதுக்காரர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் போட்டிருக்க வாய்ப்பு குறைவு. இந்த வாரமே இரண்டு இரத்தப் பரிசோதனைகள் செய்யுங்கள்: வைரஸ் ஏற்கெனவே இருக்கிறதா, எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று. இரண்டும் இல்லையென்றால் முதல் ஊசியை உடனே போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான முறை இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அவசரப் பயணிகளுக்கென்று 0, 7, 21ஆம் நாட்களில் மூன்றும், ஓராண்டு கழித்து நான்காவதும் போடும் முறையும் உண்டு. நீங்கள் புறப்பட இன்னும் ஒன்பது வாரம் இருப்பதால் அந்த இரண்டாவது முறையே உங்களுக்குப் பொருந்தும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. இப்போது மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாகிவிடுகிறது என்றாலும், வராமல் பார்த்துக்கொள்ள ஒரே வழி, குத்தும் ஊசியும் மையும் சுத்தமாக இருப்பதுதான்.

தைராய்டு மாத்திரையால் தடை ஏதும் இல்லை, வழக்கம்போல் சாப்பிடுங்கள்.

இனி அந்தக் கட்டி. காது குத்திய இடத்தில் துளையையும் தாண்டி வளர்ந்து, ஆண்டுக்கணக்காகக் கரையாமல் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் கெலாய்டு. காயத்தை மூடத் தெரிந்த தோலுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போன நிலை அது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அதிகம் வரும். உடலில் அதற்குப் பிடித்த இடங்கள் நெஞ்சு, தோள், முதுகின் மேல்பக்கம், காது மடல். நீங்கள் ஐந்து வரியைக் கேட்கும் இடம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பச்சை குத்திய இடத்தில் கெலாய்டு வருவது அபூர்வம்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் தோல் ஒரு முறை செய்து காட்டிவிட்டது. தோளில் வந்தால் ஐந்து வரியும் ஐந்து தழும்பாகத் தடித்து நிற்கும். அரிக்கும், வலிக்கும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கரைக்க வேண்டும். வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரவும் கூடும்.

ஆகவே என் கருத்து: தோளிலும் முதுகிலும் வேண்டாம். முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காதைக் காட்டி அது கெலாய்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆமென்றால், முன்கையில் சிறியதாக, ஒற்றை வரி அல்லது சிறு யந்திரம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பத்தாவுக்கும் கையில்தானே இருந்தது? இன்னொரு வழியும் உண்டு. ‘பா யந்த்’ என்று துணியில் யந்திரம் எழுதி, ஆசான் ஓதிக் கொடுப்பார்கள். வாசலுக்கு மேலோ பூசை இடத்திலோ வைத்துக்கொள்ளலாம். அந்த மரபில் அது இரண்டாந்தரப் பொருள் இல்லை. கெலாய்டு உறுதியானால், என் மகளாக இருந்திருந்தால் அந்தத் துணியோடு வரச் சொல்லியிருப்பேன். ஆனாலும் முடிவு உங்களுடையது. குத்திக்கொள்வது என்று முடிவு செய்தால் தொடர்ந்து படியுங்கள்.

கோயிலா, ஆசானின் இல்லமா என்பது அடுத்த கேள்வி. பாங்காக்குக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், நகோன் பதோம் மாகாணத்தில் உள்ள வாட் பாங் ப்ரா கோயில் இந்தக் கலைக்குப் பேர்போனது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் அங்கே குரு வணக்க விழா நடக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள், ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களில் சிலர் தங்கள் மேனியில் உள்ள புலியோ அனுமனோ ஏறியது போல ஆவேசம் கொண்டு ஓடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் பொதுவாகவே கோயில்களில் உங்களுக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, பிக்கு பெண்ணைத் தொடக் கூடாது. கையுறையோ துணியோ இடையில் வைத்துக் குத்துகிறவர்கள் உண்டு, பெண்களுக்குக் குத்துவதே இல்லை என்பவர்களும் உண்டு. இரண்டாவது, என்ன யந்திரம், எங்கே என்பதைப் பல இடங்களில் பிக்குவே முடிவு செய்வார். உங்களுக்கோ ‘தோளில் வேண்டாம், முன்கையில்’ என்று சொல்லியாக வேண்டிய நிலை. முன்கூட்டியே பேசி, நேரம் குறித்து, நிதானமாகக் குத்தும் இல்லற ஆசானே உங்களுக்குச் சரியாக வருவார். மாற்றக்கூடிய நுனி கொண்ட கம்பியைப் பயன்படுத்தும் ஆசான்கள் இப்போது இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ‘மூங்கில் பச்சை’ என்று பலகை வைத்த கடைகளிலும் மூங்கில் வெறும் பிடிதான். முனையில் கட்டுவது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் பச்சை மட்டும். ஓதுவதும், குருவை வணங்குவதும் இருக்காது.

நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். நேரில், ஊதுபத்தி மணக்க, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, கேள்வி கேட்க நமக்கு நா எழாது. எனக்கே அன்று எழவில்லை. ஊசி நுனி எனக்கென்று புதிதா. மூடிய உறையை என் கண்முன் பிரிப்பீர்களா. கம்பியையே பயன்படுத்துவதானால் அது ஆட்டோகிளேவில் வைத்ததா. மையைப் புட்டியிலிருந்து எனக்கென்று தனிச் சிறு கிண்ணத்தில் ஊற்றுவீர்களா, மிஞ்சியதைக் கொட்டிவிடுவீர்களா. தோலை இழுத்துப் பிடிப்பவர் புதுக் கையுறை போடுவாரா? ஆட்டோகிளேவ் என்பது பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன். 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தோடு, கால்மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். கொதிநீரில் போட்டு எடுப்பது அதற்கு ஈடாகாது. இந்தக் கேள்விகளைத் தாய் மொழியில் எழுதிப் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். வாயால் சொல்ல முயல வேண்டாம். ‘கெம் மாய்’ என்றால் புது ஊசி. ஆனால் அந்த ‘மாய்’ தொனி மாறினால் மரம் என்றும் ஆகும், இல்லை என்றும் ஆகும்.

கேட்பது அவமரியாதை ஆகாதா என்ற தயக்கம் உங்களுக்கு வரும். ஆகாது. கையில் மலர், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி வைத்த காணிக்கைத் தட்டு, பாதம் அவரை நோக்கி நீளாத அமர்வு, மூடிய உடை, குனிந்த வணக்கம். இவைதான் அங்கே மரியாதை. இவற்றில் குறை வைக்காதீர்கள். அதே பணிவோடு ஊசியையும் கேளுங்கள். மாணவியின் உடலைக் காப்பதற்காக ஓதுகிறவர், அந்த உடல் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், அல்லது பதில் மழுப்பலாக வந்தால், காணிக்கையை வைத்து வணங்கிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பணம் போனால் போகட்டும்.

குத்தி முடித்ததும் ஆசான் ஓதி ஊதுவார். சிலர் எண்ணெய் தடவுவார்கள். பச்சைப் புண்ணின் மேல் பொதுக் கிண்ணத்து எண்ணெய் வேண்டாம், நெற்றியில் தடவச் சொல்லுங்கள். பௌத்தர்களின் ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க நெறிகளை, கடைப்பிடிக்கச் சொல்வார். மது கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள். மது இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின், இபுபுரூபென் போன்ற வலிமாத்திரைகளையும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இல்லாதவரை தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் பயணத் திட்டம். இதைத் தலைகீழாக மாற்றியே ஆக வேண்டும். முதலில் கிராபி, கடைசி நாளுக்கு முந்தைய நாள் பச்சை. இரண்டு மூன்று வாரம், தோல் முழுக்க ஆறும்வரை, கடலும் நீச்சல் குளமும் கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரில் ‘விப்ரியோ’ என்ற பாக்டீரியா வாழ்கிறது. அமெரிக்காவில் ஒருவர், உங்கள் வயதுதான், 31, பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, இந்தக் கிருமி தாக்கி இறந்துபோனார். மருத்துவ இதழில் 2017ல் பதிவான நிகழ்வு. அவருக்கு ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. நான்கு நாளை முன்னால் நகர்த்துவதால் நீங்கும் ஆபத்தை எதற்காகச் சுமக்க வேண்டும்?

ஊர் திரும்பியதும் வாசனையில்லாத மென்மையான சோப்பும் நீரும் கொண்டு நாளுக்கு இரண்டு முறை கழுவி, ஒற்றி எடுத்து, வாஸலீன் மெல்லியதாகத் தடவினால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். இங்கே பச்சை குத்தியதும் மஞ்சள் பூசும் வழக்கம் உண்டு என்பதால் வீட்டில் யாராவது அன்போடு கொண்டு வருவார்கள். அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், மஞ்சளை வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் வீக்கமும் இயல்பு. அதன் பிறகு சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சீழ் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இன்னொரு விதமும் உண்டு. எல்லாம் ஆறியது போலிருந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து, குத்திய கோட்டின் மேல் மட்டும் வரிசையாகச் சிவந்த பருக்கள் எழும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இப்படி வந்தார். மூன்று இடங்களில் மூன்று விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பயனில்லாமல் வந்திருந்தார். மையில் கலந்த தண்ணீரிலிருந்து வரும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா அது. சாதாரண மருந்துக்கு மசியாது, மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 2011–12ல் 19 பேருக்கு இது வந்தது. குத்தியவரின் ஊசியில் பழுதில்லை. புட்டியில் வந்த சாம்பல் நிற மையிலேயே கிருமி இருந்தது. இதனால்தான் சொல்கிறேன், மையைக் குழாய்த் தண்ணீரில் கலப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிப் பருக்கள் வந்தால், மருத்துவரிடம் ‘பச்சை குத்தினேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒருவேளை எல்லாம் மீறிப் பொது ஊசியோ பொது மையோ உங்கள் தோலில் இறங்கிவிட்டால், சொல்ல வெட்கப்பட்டு ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தேவையா என்று முடிவு செய்ய 72 மணி நேரம்தான் உண்டு. எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. தேவையென்றால் 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் ‘அனானிமஸ் கிளினிக்’ இருக்கிறது. பெயர் சொல்லாமலே ஆலோசனையும் பரிசோதனையும் பெறலாம். இங்கே வந்த பின் ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் இரத்தப் பரிசோதனை. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் ஓராண்டுக்கு இரத்த தானம் செய்யாதீர்கள்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புத்தர் உருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2014ல் கையில் புத்தர் பச்சையோடு கொழும்பு விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டிஷ் பெண் ஒருவரைக் கைது செய்து நாட்டை விட்டே அனுப்பினார்கள். அது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனாலும் இலங்கை நமக்கு அடிக்கடி போய்வரும் இடம். அந்த அலைச்சல் எதற்கு?

உங்கள் தோழியும் குத்திக்கொள்ளப் போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார் என்றே நினைக்கிறேன். இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள். முதல் தடுப்பூசியை இருவரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால், ஏழாம் நாளையும் இருபத்தொன்றாம் நாளையும் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ளலாம்.